மேற்பார்வை: இருபது நிமிடம்

மார்ச் 3, திங்கள்

ஆடிட்டர் ஜெசிந்தா மேரி எழுதச் சொன்னதால் இந்த நோட்டை ஆரம்பிக்கிறேன். நாற்பது பக்கம், கோடு போட்டது.

சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு தையல் ஷெட் இருக்கிறது. 'குத்தாலிங்கம் கார்மென்ட்ஸ்.' ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய கட்டில் விரிப்பும் நோயாளிகள் போடும் அங்கியும் தைத்துக் கொடுக்கிறோம். ஏழு மிஷின், ஆறு பெண்கள். நான் வேலை பார்த்த நூற்பாலை மூடியபோது கையில் வந்த பணத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு முன் தொடங்கியது. லைசென்ஸ், ஜிஎஸ்டி, பாங்க் கணக்கு எல்லாம் என் பெயர்தான். மனைவி சண்முகவடிவு உதவியாக இருக்கிறாள்.

இதுவரை காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் இருந்தோம். விற்றதில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டினால் தீர்ந்தது. ஆனால் அதில் இருப்பவர் வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது. இப்போது புனலூரிலிருந்து வர்கீஸ் என்ற ஒப்பந்தக்காரர் மாதம் இரண்டாயிரம் அங்கி கேட்கிறார். புனலூர் கேரளம். ஆகவே மற்றவர்களைப் போல முழு வரி முறைக்குப் போக வேண்டும்.

அதைக் கேட்கத்தான் ஆடிட்டரிடம் போனேன். அவர் வேறொன்றையும் கிளப்பினார்.

"மாத்துறதுன்னா ஏப்ரல் ஒண்ணுலேருந்து மாத்துறது சுத்தம் அண்ணாச்சி. யாவாரம் பெருசாகுது. இது யாரு பேருல இருக்கணும்ங்கிறதையும் இப்பவே முடிவு பண்ணிருங்க. உங்க ஒருத்தர் பேருல இருந்தா ஒரு கணக்கு. பங்குதாரர் சேந்தா வேற கணக்கு. அதுல நெசமா வேல செய்யுற பங்குதாரருக்குத்தான் சம்பளம் எழுத முடியும்."

"வேலை எல்லாம் நான்தான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"ரெண்டு வாரம் யாரு என்ன வேல செய்யுதீங்கன்னு தினமும் எழுதிட்டு வாங்க. பங்குப் பத்திரத்துல அதத்தான் எழுதணும்."

மார்ச் 4, செவ்வாய்

காலை 5.45: வடிவு ஷெட்டைத் திறந்தாள். புதுத் துணியைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டாள். எதற்கு என்று கேட்கவில்லை.
8.00: வீட்டுக்கு வந்து இட்லி வைத்தாள். நான் சாப்பிட்டேன்.
8.30 முதல் 1.00 வரை: துணி வெட்டினாள்.
10.15: நான் ஷெட்டுக்குப் போனேன். மேற்பார்வை பார்த்தேன்.
11.00: டீக்கடை. பேப்பர்.
2.00 முதல் 6.30 வரை: வடிவு தைத்த அங்கிகளைச் சரிபார்த்தாள். பதினொன்றைப் பிரித்துத் திருப்பித் தைக்கச் சொன்னாள். நான் செக்கில் கையெழுத்துப் போட்டேன் (ஒன்று).

மார்ச் 5, புதன்

வடிவு நேற்றைப் போலவே. மாலையில் தைக்கிற பெண்களில் ஒருத்தியான பேச்சியம்மாவின் மிஷின் மோட்டார் நின்றுவிட்டது. வடிவு அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பஜாருக்குப் போய் வந்தாள். நான் மேற்பார்வை பார்த்தேன்.

மார்ச் 6, வியாழன்

எழுதியவரை போட்டோ எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பினேன். போன் வந்தது.

"மேற்பார்வைன்னு மொட்டையா எழுதாதீங்க அண்ணாச்சி. எவ்வளவு நேரம்னு எழுதுங்க."

மார்ச் 7, வெள்ளி

மேற்பார்வை: இருபது நிமிடம்.

மார்ச் 8, சனி

மேற்பார்வை: முப்பத்தைந்து நிமிடம். இதில் பத்து நிமிடம் மழைக்கு ஒதுங்கி நின்றது.

வர்கீஸ் போன் செய்தார். அங்கியைக் கொதிநீராவியில் வைத்தால் நாடா தாங்குமா என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். வடிவிடம் கேட்டேன். தாங்கும், எத்தனை முறைக்குப் பிறகு மாற்ற வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். அதை அப்படியே வர்கீஸிடம் சொன்னேன். "நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி கைலாசம் சுரண்டையிலிருந்து காரில் வந்தான். அங்கே ரைஸ் மில் வைத்திருக்கிறான்.

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். சேர்த்துவிடுகிறேன். பிப்ரவரியிலேயே நானும் கைலாசமும் பேசி முடித்துவிட்டோம். அவன் முதல் போடுவான். ஆளுக்குப் பாதி. இருவர் பெயரிலும் பங்குதாரர் நிறுவனம். வீட்டில் சொல்லச் சமயம் வாய்க்கவில்லை.

கைலாசம் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையானாலும் வடிவு வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் மேசையில் கையை ஊன்றிச் சொன்னான்: "அண்ணி, இனிமே நீங்க செரமப்படாண்டாம். நானும் அண்ணனும் பங்கு போட்டுக் கம்பெனி ஆக்குதோம்லா. ஒரு கட்டிங் மாஸ்டர வச்சிருவோம். நீங்க வீட்டுல நிம்மதியா இருங்க."

வடிவு கத்தரியைக் கீழே வைக்கவில்லை. "எப்பப் பேசுனீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"போன மாசம்" என்றான் கைலாசம்.

"அப்படியா" என்றாள். மேசையில் விரித்திருந்ததை முழுவதும் வெட்டி முடித்தாள். பிறகு கைலாசத்துக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

மார்ச் 10, திங்கள்

வடிவு ஷெட்டுக்கு வரவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நான் 9.30க்குத் திறந்தேன். பெண்கள் எட்டிலிருந்து வெளியே நின்றிருக்கிறார்கள். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை நூற்றிருபது அங்கி போக வேண்டும். அட்டை அளவை வைத்து நானே துணி வெட்டினேன். பேச்சியம்மா, "அண்ணாச்சி, அக்கா துணிய..." என்று ஏதோ ஆரம்பித்தாள். நேரமில்லை என்றேன்.

வலது கைப் பெருவிரலில் கொப்புளம்.

மார்ச் 11, செவ்வாய்

நூற்கண்டு எங்கே வாங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வடிவு பரண் மேல் ஏறித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே கடைப் பெயரைச் சொன்னாள்.

மார்ச் 12, புதன்

நூற்றிருபது அங்கி ஆட்டோவில் தென்காசி போயிற்று. வடிவு இல்லாமலே முடிந்தது என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

நூற்றிருபது அங்கியும் திரும்பி வந்தன. ஒரே சலவையில் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டனவாம்.

மூட்டையை வீட்டு வாசலில் இறக்கினார்கள். வடிவு ஒன்றை எடுத்து உதறித் தன்மேல் வைத்துப் பார்த்தாள்.

"வெட்டுறதுக்கு முன்னாடி நனச்சீங்களா?"

"இல்ல."

"தறித் துணி சுருங்கும். அதுக்குத்தான் நனைக்கது." அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்தாள். "குழந்தைங்க வார்டுக்கு அங்கி பத்தலன்னு சொன்னீங்கள்லா? இதக் குறுக்கித் தச்சு அனுப்புதேன். பெரியவங்களுக்குப் புதுசு செவ்வாக்கிழமைக்குள்ள வந்துரும்." பேசி முடித்ததும் சேலையை மாற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். ஆறு பெண்களும் எழுந்து நின்றார்கள். நான் போகும்போது அப்படி நின்றதாக நினைவில்லை.

மார்ச் 17, திங்கள்

ஆடிட்டர் ஆபீஸ். வடிவும் வருகிறேன் என்றாள். பன்னிரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

நோட்டைக் கொடுத்தேன். ஜெசிந்தா மேரி முழுவதும் படித்தார். மின்விசிறி ஓடியது. நடுவில் ஒரு இடத்தில் தலை நிமிர்ந்து வடிவைப் பார்த்துவிட்டு மறுபடி படித்தார். அங்கி சுருங்கித் திரும்பி வந்ததைப் பற்றி எழுதிய பக்கமாக இருக்கலாம்.

"தம்பியும் நீங்களும் பங்குதாரரா சேரலாம்" என்றார். "லாபத்துக்கு ஒரே விகிதத்துல வரி. கைலாசம் அண்ணாச்சி வேலைக்கு வரப்போறதில்ல. அதனால அவருக்குச் சம்பளம் எழுத முடியாது. உங்களுக்கு எழுதணும்னா என்ன வேலன்னு எழுதட்டும்?"

நான் யோசித்தேன். "கையெழுத்து" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

"சரி, அக்காவுக்குச் சம்பளம் குடுக்கலாமான்னு பாத்தா அதுல ஒரு சிக்கல் இருக்கு. புருஷன் யாவாரத்துல பொண்டாட்டி வாங்குற சம்பளத்தப் புருஷன் வருமானத்தோடயே சேத்து வரி போட்டுருவாங்க. அவங்களுக்குத் தொழில் படிப்பு இருந்து, அந்தப் படிப்புக்காகக் குடுக்குற சம்பளம்னாத்தான் தனியா விடுவாங்க."

"அவ பத்தாவது" என்றேன்.

வடிவு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே சான்றிதழ். அரசு தொழிற்பயிற்சி நிலையம், பாளையங்கோட்டை. உடை வெட்டுதலும் தைத்தலும். இரண்டு வருடம். முதல் வகுப்பு. போட்டோவில் இரட்டைச் சடை.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது. "இது எப்ப?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முந்தி."

"சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கலயே."

ஆடிட்டர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போதும்க்கா. யாவாரம் அண்ணாச்சி பேருலயே இருக்கட்டும். உங்களுக்கு நல்ல சம்பளமா எழுதிருவோம். அது உங்க கணக்குலயே வரும். தம்பிகூடத் தேவையில்ல. வரியும் குறையும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாம் பழையபடியே இருக்கலாம், வரி மட்டும் குறையும். அப்படியே செய்யுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சம்பளம் வேண்டாம்" என்றாள் வடிவு.

இருவரும் அவளைப் பார்த்தோம்.

"என் பேருலயே புதுசா ஆரம்பிச்சா என்ன வரிங்கம்மா?"

 ஆடிட்டர் பேப்பர் எடுத்து எழுதிக் காட்டினார். வடிவு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். முழு வரி முறையில் மாதாமாதம் கணக்குக் காட்ட வேண்டும் என்றார். "துணி வாங்கும்போது கட்டுற வரியக் கழிச்சுக்கிடலாமா?" என்று கேட்டாள். கழித்துக்கொள்ளலாம். "காம்போசிஷன்ல அது முடியாதுல்லா? அப்ப இத்தன வருஷமா அது நம்ம கையவிட்டுல்லா போயிருக்கு." ஆமாம் என்றார். அப்படி ஒரு கணக்கு உண்டு என்று எனக்குத் தோன்றியதில்லை.

"மிஷின்லாம் அண்ணாச்சி பேருல இருக்கு" என்றார் ஆடிட்டர். "அவரு சும்மா எழுதிக் குடுத்தா, வர்ற லாபத்த மறுபடியும் அவரு வருமானம்னுதான் எடுத்துக்கிடுவாங்க. சரியான வெல குடுத்து வாங்குனதா பில் இருக்கணும்."

"வெலைக்கே வாங்கிக்கிடுதேன். எங்கம்மா வீட்டுப் பங்கு போஸ்ட் ஆபீஸ்ல கெடக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்லுதீங்க அண்ணாச்சி? நீங்க விக்கணும்லா."

கரண்ட் பில் கட்ட இன்று கடைசி நாள் என்று சொல்லி எழுந்துவிட்டேன். கடைசி நாள் இருபதாம் தேதி.

மார்ச் 18, செவ்வாய்

வடிவு எதுவும் கேட்கவில்லை. புது அங்கி நூற்றிருபதும் தென்காசிக்குப் போயிற்று. கரண்ட் பில் கட்டினேன்.

மார்ச் 19, புதன்

நோட்டை நல்ல கையெழுத்தில் திருத்தி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆடிட்டர் மறுபடி ஒருமுறை பார்த்தால் வேறு முடிவு சொல்லக்கூடும். நாலாம் தேதியிலிருந்து ஆரம்பித்தேன். நான் செய்ததில் விட்டுப்போனவற்றைச் சேர்க்க நினைத்தேன். 'தண்ணீர்க் கேன் சொன்னது' என்று ஒன்று சேர்த்தேன். அதுவும் பேச்சியம்மா சொன்னது என்று பிறகு ஞாபகம் வந்தது. அடித்தேன்.

ஏழாம் தேதி வரை போய் நிறுத்திவிட்டேன்.

நூற்பாலையில் இருபத்திரண்டு வருடம் டைம் ஆபீஸில் இருந்தவன் நான். யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று எழுதுவதுதான் வேலை. ஒரு தப்புப் பதிவு இல்லை என்று மானேஜர் சொல்வார். ஆலை மூடிய பிறகு ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். கைலாசம் எல்லார் முன்னாலும், "அண்ணி தைக்காக, அண்ணன் சாப்பிடுதான்" என்று சிரித்தது அப்போதுதான். மறுமாதம் போர்டு எழுதி மாட்டினேன்.

இது வேலை விவரம் அல்ல. இருந்தாலும் எழுதியாயிற்று.

மார்ச் 20, வியாழன்

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னேன். "வித்துருதேன்."

வடிவு ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். "நெசமாவா?"

"ஆமா."

"கோவத்துல சொல்லாதீங்க."

"கோவம் இல்ல."

அவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். அப்பளம் வேண்டுமா என்று கேட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

ஷெட் வாடகை ஒப்பந்தத்தை வடிவின் பெயருக்கு மாற்றினோம். ஆடிட்டர் ஆபீஸில் புது ஜிஎஸ்டி எண்ணுக்கு விண்ணப்பம். வடிவின் செல்போனுக்கு ஓடிபி வந்தது. எண்களை உரக்கப் படித்தாள், பள்ளியில் வாசிப்பதைப் போல.

மார்ச் 24, திங்கள்

மிஷின் பேரம். ஷெட்டில், பெண்கள் போன பிறகு.

சந்தை விலை விசாரித்து வைத்திருந்தேன். ஏழுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னேன்.

"அஞ்சாவது மிஷினுக்கு மோட்டார் நான் மாத்துனது. அதுக்குக் கொறைங்க" என்றாள்.

குறைத்தேன்.

"ரெண்டாவது மிஷின் வருஷத்துல பாதி நாளு ஓடாது."

"அத வேண்டாம்னா விட்டுரு."

"வேண்டாம்னு சொல்லலயே. கொறைங்கன்னு சொல்லுதேன்."

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தை எதிரும் புதிருமாக உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசியது இதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் நான் முதலில் சொன்னதற்கும் அவள் கேட்டதற்கும் நடுவில் முடிந்தது. செக் எழுதினாள். 'குத்தாலிங்கம்' என்று என் முழுப் பெயரையும் அவள் எழுதி நான் பார்த்ததில்லை. துணைக்காலை அழகாகப் போட்டாள்.

மார்ச் 27, வியாழன்

கைலாசத்திடம் போனில் சொன்னேன். அவன் வெகுநேரம் கத்தினான். "பொண்டாட்டிகிட்ட கூலிக்கு நிக்கப் போறியா? சுரண்டையில நான் தல காட்டாண்டாமா?"

ஷெட்டில் மிஷின் சத்தம், சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது நான் வீட்டில் இருந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

புது எண் வந்துவிட்டது. நிறுவனத்தின் பெயர்: எஸ்.வடிவு மெடிக்கல் டெக்ஸ்டைல்ஸ். உரிமையாளர்: சண்முகவடிவு. வர்கீஸ் வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்பினார். எனக்கல்ல.

மார்ச் 31, திங்கள்

என் பெயரிலிருந்த ஜிஎஸ்டி எண்ணை ஒப்படைக்க விண்ணப்பம் போட்டேன். காரணம் கேட்கும் இடத்தில் நாலைந்து காரணம் வரிசையாக இருந்தன, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'வியாபாரத்தை நிறுத்துதல்' என்பதைத் தொட்டேன். ஆடிட்டர், "அது இல்ல அண்ணாச்சி, அடுத்தது. வியாபாரத்த மாத்திக் குடுத்தது" என்றார். அதைத் தொட்டேன்.

மாலையில் போர்டை நானே கழற்றினேன். நினைத்ததைவிடக் கனம். வீட்டுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வடிவு 5.40க்குப் போனாள். நான் வீட்டில் இருந்தேன். பேப்பர் படித்தேன். விளம்பரங்கள் உட்பட.

ஏப்ரல் 2, புதன்

அதேபோல். ஆடிட்டருக்கு இந்த நோட்டு இனித் தேவையில்லை. இன்னும் பதினைந்து பக்கம் மீதி இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

காலை 5.40க்கு நானும் எழுந்து சட்டை போட்டேன். வடிவு முன்னால் நடந்தாள். பூட்டைத் திறந்ததும் தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிட்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"ஏதாவது வேல இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று கணக்கெடுக்கவில்லை.

"துணியோட அந்த மொனையப் பிடிங்க" என்றாள். "இழுக்காதீங்க. பையப் பையத் தண்ணிக்குள்ள விடுங்க."

நாற்பது மீட்டர் நனைத்தோம். கொடியில் போடும்போது அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடுப்பு வலி. பெரிதாக ஒன்றுமில்லை.

"சனிக்கிழம தென்காசிக்கு லோடு போகணும்" என்றாள். "ஆட்டோக்காரன எத்தன நாளு நம்புறது. நீங்க கூடப் போயி ஒப்படச்சுட்டு வாங்க. எண்ணிக் குடுத்து, சீட்டுல சீல் வாங்கணும்."

"சரி" என்றேன்.

ஏப்ரல் 5, சனி

தென்காசி ஆஸ்பத்திரி. ஸ்டோர் பின்பக்கம் இருக்கிறது, சமையல்கட்டைத் தாண்டிப் போக வேண்டும். எனக்கு முன்னால் மருந்துப் பெட்டிக்காரர் ஒருவரும் பினாயில்காரர் ஒருவரும் நின்றார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூட்டையின் மேல் உட்காரலாமா என்று யோசித்து, வெள்ளைத் துணி என்பதால் நின்றேன்.

ஸ்டோர் கீப்பர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், என் வயதுதான் இருக்கும். மூட்டையைப் பிரித்து அங்கிகளைப் பத்துப் பத்தாக எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன். ஓர் அங்கியின் தோளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சீட்டில் சீல் குத்தினார்.

"எப்பவும் அந்தம்மா வருவாங்க, இல்லன்னா ஆட்டோவுல வரும்" என்றார். "நீங்க புதுசா வேலைக்குச் சேந்திருக்கீங்களா?"

"ஆமா" என்றேன். "இந்த மாசந்தான்."

"அந்தம்மா கறாரு. ஒரு தையல் விட்டாலும் பிரிச்சுருவாங்க." சீட்டை மடித்து என் கையில் கொடுத்தார். "ஆனா வேல செய்யுற ஆள விட்டுக்குடுக்க மாட்டாங்க. பாத்து நடந்துக்கிடுங்க."

நடந்துகொள்வதாகச் சொன்னேன். பதினொன்றரை பஸ்ஸில் ஏறி, ஒன்றரைக்கு ஷெட்டுக்கு வந்து, சீட்டை வடிவிடம் கொடுத்தேன்.